வீட்டிலிருந்தே செய்யும் வேலை, ஆனால் சம்பளம் 500 வெள்ளி (ரிங்கிட்) குறைவு. போகலாமா?

பிறை நதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. வீடு பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் புக்கிட் மெர்தாஜாமில், வேலை பாலம் தாண்டித் தீவில் இருக்கிற பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில். சம்பளம் 4,800 வெள்ளி. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் பிரிவு முழுவதும் வீட்டுக்கு மாறியது, அப்புறம் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார், இனி எல்லா நாளும் ஆபிஸ்தான் என்று சொல்லிவிட்டார். வேலையில் என்ன குறை என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் ஜூரு நெரிசலில் மாட்டாமல் பாலம் ஏற முடியும். ஆறரை ஆனால் போச்சு. சாயங்காலம் தீவுப் பக்க நெடுஞ்சாலையிலேயே வரிசை நிற்கும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். நான் வீட்டுக்கு வந்து சேரும்போது மகன் சாப்பிட்டுவிட்டுப் பாதித் தூக்கத்தில் இருக்கிறான். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், பள்ளி விட்டதும் வேன் அவனை டிரான்சிட்டில் (பள்ளிக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விடும், கணவர் வேலை முடிந்து போய்க் கூட்டி வருவார். வீட்டில் மாமியாரும் இருக்கிறார்.

கோலாலம்பூரில் உள்ள ஒரு கம்பெனி இப்போது வேலை தருவதாகச் சொல்கிறது. இதே மாதிரி கொள்முதல் வேலை, முழுக்க வீட்டிலிருந்து, மாதம் ஒரு தடவை மட்டும் கேஎல் போய் வரணும். சம்பளம் 4,300. வாடிக்கையாளர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள், அதனால் சில நாள் இரவிலும் மீட்டிங் இருக்குமாம். எல்லாம் போனில் பேசியதுதான், கடிதம் இன்னும் வரவில்லை.

பணம் குறைவதை எப்படிப் பார்க்கணும்? கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கணும்? தொற்றுக் காலத்தில் எல்லாருமே வீட்டில் இருந்ததால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. நான் மட்டும் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் அது எப்படி இருக்கும் என்று யாராவது உள்ளபடி சொல்லுங்கள்.

*

ரவாங் கணக்கர் எழுதியது:

தங்கச்சி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 500 வெள்ளி குறைகிறது என்றால் கையில் முழு 500ம் குறையாது, ஏனென்றால் அதில் 11 விழுக்காடு, அதாவது 55 வெள்ளி, எப்படியும் உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்குக்குத்தான் போகிறது. கைக்கு வருவது 445 அளவுக்குக் குறையும், வரியும் கொஞ்சம் இறங்கும். ஆனால் பலர் மறந்துவிடும் இன்னொரு பக்கம் இருக்கிறது. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும், அந்தப் பங்கிலும் மாதம் 65 வெள்ளி போய்விடும். இரண்டு பங்கையும் சேர்த்தால் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் மாதம் 120 வெள்ளி குறைகிறது. 36 வயதில் இருக்கிறவருக்கு, வட்டியோடு வளரவேண்டிய பணம், இதைச் சின்னத் தொகை என்று தள்ளிவிடாதீர்கள்.

மிச்சமாவது என்ன? பெட்ரோல், பாலத்து டோல் (தீவுக்குப் போகும்போது மட்டும்தான் என்றாலும் தினமும் போகிறீர்களே), டயர், சர்வீஸ், மத்தியானச் சாப்பாடு, டிரான்சிட் கட்டணம். இதையெல்லாம் ஒரு மாத ரசீதுகளை வைத்துக் கூட்டிப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம். இங்கே கேஎல்லில் எம்ஆர்டி, எல்ஆர்டி பக்கத்தில் வீடு இருக்கிறவர் 50 வெள்ளி மாதப் பாஸில் வேலைக்குப் போய் வந்துவிடுகிறார், அவருக்கு வீட்டிலிருந்து வேலை செய்து பணமாகப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகிற எனக்கு அந்தப் பாஸ் செல்லாது, என் கணக்கு வேறு. தினமும் சொந்தக் காடியில் கடலைத் தாண்டிப் போகிற உங்கள் கணக்கு இன்னும் வேறு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முடிவு எடுக்காதீர்கள்.

செலவுப் பக்கத்தில் மின்சாரம் ஏறும், பகலெல்லாம் ஏர்கோன் ஓடும். 2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டண முறையில், நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தை விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் வேலை நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை கூடுதல். நமக்கு ஏர்கோன் தேவைப்படுகிற நேரமே அதுதான். மலிவு என்று யாராவது சொன்னால் உடனே மாறாமல் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். இணையக் கட்டணம், கணினி இரண்டையும் வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவில் காட்டலாம், புத்தகம் கைப்பேசி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,500 வெள்ளி வரை, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

*

தாமான் அக்கா எழுதியது:

நான் பூச்சோங்கில் இருக்கிறேன், 2020லிருந்து முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை. ரவாங்காரர் கணக்கில் ஒரு வரியை மட்டும் நான் அடிக்கிறேன்: டிரான்சிட் கட்டணத்தை மிச்சத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளை மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போடணும், குளிக்க வைக்கணும், வீட்டுப்பாடம் பார்க்கணும், அந்த நேரத்தில்தான் ஜெர்மனிக்காரன் காலையில் ஆபிஸுக்கு வந்து மின்னஞ்சலைத் திறப்பான், அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்குப் பிற்பகல் மூன்று நான்கு மணி. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்ய முடியாது தங்கச்சி. மாமியார் பார்த்துக்கொள்வார் என்றால் அதை அவரிடம் முதலில் கேளுங்கள், அவருக்கும் வயதாகிறது, அவராக ஒத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் டிரான்சிட் தொடரட்டும், ஆனால் நான்கு மணிக்குப் பதிலாக எப்போது வேண்டுமானாலும் போய்க் கூட்டி வரலாம், காய்ச்சல் என்று போன் வந்தால் ஐந்து நிமிடத்தில் போய் நிற்கலாம், இதற்கு விலையே கிடையாது.

நாள் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை வேலை செய்கிறவளாக நம் ஆட்கள் பார்ப்பதில்லை, இதுதான் பெரிய சிரமம். "நீ வீட்டிலதானே இருக்கே, அந்த பார்சல வாங்கி வை", "வீட்டிலதானே இருக்கே, மத்தியானம் அத்தையை கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போ", "கோவில் பத்திரிகை கொடுக்க வரோம், வீட்டில இருப்பேல்ல?" இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் நாம் அவர்களுக்காக எழுந்து போன ஒவ்வொரு அரை மணி நேரத்தையும் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஈடுகட்டுகிறோம், அது யாருக்கும் தெரியாது.

என் வீட்டில் இது மாறியது என் கணவர் வாயைத் திறந்த பிறகுதான். நான் சொன்னபோதெல்லாம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் தன் அம்மாவிடம், தன் அக்காவிடம், "ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும் அவ ஆபிஸ்ல இருக்கா, எதுவா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொன்னார். அப்புறம் குறைந்தது. உங்கள் கணவர் இந்த வேலைக்குச் சம்மதம் சொன்னால் போதாது, இப்படிப் பேசவும் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். கதவை மூடக்கூடிய ஓர் அறை வேண்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. தாமான் வீடு என்றால் பழைய பேப்பர் வாங்குகிற லாரி "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு சரியாக மீட்டிங் நேரத்தில்தான் வரும், ரொட்டிக்காரர் ஹாரன் அடிப்பார். கொண்டோ என்றால் மேல்மாடியில் உடைக்கிற சத்தம், அதற்கும் பெரும்பாலான இடங்களில் அனுமதி வேலை நாட்களில் பகலில்தான். மைக் உள்ள நல்ல ஹெட்செட் ஒன்று வாங்குங்கள், கம்பெனியையே வாங்கித் தரச் சொல்லுங்கள். பிற்பகலில் வானம் கறுத்து இடி கேட்டதுமே நான் மோடத்தின் வயரையும் பிளக்கையும் கழற்றிவிட்டுக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுவேன். இடியில் மோடம் போனால் புதிது வரும்வரை உங்கள் வேலை அந்தரத்தில் நிற்கும், அதனால் இணையத்துக்கு ஒரு கம்பெனி, கைப்பேசிக்கு வேறு கம்பெனி என்று வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனாலும் திரும்ப ஆபிஸுக்குப் போவாயா என்றால் மாட்டேன். என் மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று அன்றைக்கு என்ன நடந்தது என்று மூச்சு விடாமல் சொல்வாள். அது அந்த முதல் பத்து நிமிடத்தில்தான் வரும். இரவில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள்.

*

மனிதவள மேசை எழுதியது:

பதினைந்து வருடத்துக்கு மேலாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், கேஎல். சகோதரி, நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. வேலையை விடும் முன் இருக்கிற கம்பெனியிலேயே எழுத்து மூலமாகக் கேட்க உங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

1955ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 60P, 60Q என்று இரண்டு பிரிவுகள். வேலை நேரம், வேலை நாள், வேலை இடம், இந்த மூன்றில் எதையும் மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். கேட்டால் கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் மேனேஜர் வாயால் "முடியாது" என்று சொல்வதும், காரணத்தை எழுதி மனிதவளப் பிரிவு மூலமாக அனுப்புவதும் ஒன்றல்ல. எழுத உட்காரும்போது பலருக்குக் காரணம் கிடைப்பதில்லை, அப்போது "சரி, இரண்டு நாள் வைத்துக்கொள்" என்று இறங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் பாலம், நெரிசல், பிள்ளை என்று மட்டும் எழுதாதீர்கள். அவை நியாயமான காரணங்கள்தான், ஆனால் முதலாளிக்கு அவை உங்கள் பிரச்சினை. வீட்டிலிருந்து செய்த நாட்களில் ஆர்டர்கள் நேரத்துக்குப் போனதா, சப்ளையர்களிடமிருந்து புகார் வந்ததா என்பதைப் பழைய மின்னஞ்சல்களிலிருந்து எடுத்து வையுங்கள். எந்த நாட்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அவசரம் என்றால் எத்தனை நேரத்தில் தொழிற்சாலைக்கு வர முடியும், எல்லாவற்றையும் எழுதுங்கள். மூன்று மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று நீங்களே சொன்னால் அவர்களுக்குச் சம்மதிக்கச் சுலபம்.

இனி புது வேலை. இங்கே ஒரு விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் முக்கியம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் என்றால் ஓவர்டைம் பணத்தைச் சட்டப்படி கேட்க முடியாது, கம்பெனி தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே கிடைக்கும். இப்போதும் உங்களுக்கு அதே நிலைதான், ஆனால் இப்போது தொழிற்சாலையை விட்டுப் பாலம் ஏறிவிட்டால் உங்கள் நாள் முடிந்தது. வீட்டில் அப்படி ஒரு முடிவு இல்லை. காலை ஒன்பதுக்குக் கேஎல் ஆபிஸ் உங்களைத் தேடும், இரவு ஒன்பதுக்கு ஜெர்மனிக்காரனுக்குப் பிற்பகல் இரண்டோ மூன்றோதான், அவன் நல்ல சுறுசுறுப்பில் இருப்பான். வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு 4,000க்கு மேல் வாங்குகிறவருக்கும் உண்டு. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பதும் உண்டு. ஆனால் வீட்டில் அதை எண்ணிப் பார்க்க யாரும் இல்லை, நீங்களேதான் எண்ண வேண்டும்.

அதனால் கடிதம் வந்ததும் பாருங்கள்: வேலை நேரம் எதிலிருந்து எது வரை, இரவு மீட்டிங் இருந்த மறுநாள் தாமதமாக ஆரம்பிக்கலாமா, கணினியும் இணையச் செலவும் யாருடையது, கேஎல் பயணத்துக்கும் தங்கவும் யார் பணம் தருவது, பிறகு மனம் மாறி ஆபிஸுக்கு வா என்றால் எத்தனை மாத முன்னறிவிப்பு. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து வேலை என்று நம்பிப் போய், ஒரு வருடத்தில் கேஎல்லுக்கு மாறி வா என்ற கடிதம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வேலை இடம் "புக்கிட் மெர்தாஜாம் வீடு" என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அப்புறம் நிரந்தரத் தொழிலாளியா, இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) போடுவார்களா, அல்லது மாதா மாதம் பில் அனுப்பிப் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரராக எடுக்கிறார்களா என்பதைக் கடிதத்தில் பார்க்காமல் இப்போதைய வேலையை விடாதீர்கள். பில் அனுப்பும் முறை என்றால் 4,300 என்பது 4,300ஏ இல்லை.

*

செதாப்பாக் தம்பி எழுதியது:

அக்கா, நான் வேறு மாதிரி சொல்கிறேன். படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலையே வீட்டிலிருந்து. வீடு என்றால் வாடகை அறை, ஒரு கட்டில், ஒரு மேசை. காலையிலிருந்து இரவு வரை ஒரு மனிதரிடமும் வாய்விட்டுப் பேசாத நாட்கள் இருந்தன. சாப்பாடுகூடக் கதவுக்கு வந்துவிடும். அதைவிட, வேலையே கற்றுக்கொள்ள முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர் போனில் எப்படிப் பேசுகிறார், கோபப்படும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறார் என்று காது கொடுத்துத்தானே கற்றுக்கொள்கிறோம், திரையில் அது கிடையாது. திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், கழிவறைக்குப் போய் வந்தால்கூட எங்கே போனாய் என்று செய்தி வந்திருக்கும்.

இப்போது வாரம் மூன்று நாள் ஆபிஸ் போகிற வேலைக்கு மாறிவிட்டேன், நன்றாக இருக்கிறது. உங்களுக்கு அனுபவம் இருக்கிறது, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், தனிமை என்னளவுக்கு இருக்காது. ஆனால் பதவி உயர்வு வரும்போது கண்முன்னால் இருப்பவர் பெயர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கம்பெனியில் எத்தனை பேர் முழுக்க வீட்டிலிருந்து செய்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாருமே அப்படி என்றால் பயமில்லை, நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் யோசிக்கணும்.

*

மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

நானும் பாயான் லெப்பாஸ்தான், மெஷின் பராமரிப்பு. எங்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது, 2020லும் அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டினோம். 2019லிருந்து மோட்டோர் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் இல்லை, அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த சலுகை. இதைப் பொறாமையில் எழுதவில்லை. மேசை வேலைக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தாலே காலை ஏழு மணிக்குப் பாலத்தில் காடிகள் குறையும், மோட்டோரில் போகிற நாங்கள் லாரிக்கும் காடிக்கும் நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு போவது குறையும். உங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள் அக்கா. உங்களுக்குக் கொடுத்தால் உங்கள் பிரிவில் மற்றவர்களும் கேட்பார்கள்.

*

பிறை நதி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. 60 நாள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, எங்கள் பிரிவில் வேறு யாருக்கும் தெரிந்த மாதிரியும் இல்லை.

ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். டிரான்சிட்டைச் சேர்க்காமலே பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து குறைகிற 445க்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. ஆனால் இபிஎஃப் 120ஐச் சேர்த்தால் நஷ்டம்தான். மாமியாரிடமும் பேசினேன். மத்தியானம் சாப்பாடு போட்டுத் தூங்க வைப்பேன், வீட்டுப்பாடம் மட்டும் என்னிடம் விடாதே என்றார். கணவர் தன் அக்காவிடம் பேசுவதற்கு மட்டும் இன்னும் தயங்குகிறார், அதை நாங்கள் பேசி முடிக்கணும்.

இப்போதைக்கு இங்கேயே வாரம் இரண்டு நாள் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன். ஆனால் கேஎல் கம்பெனி 60 நாள் காத்திருக்காதே, அதை என்ன செய்வது?

*

மனிதவள மேசை எழுதியது:

60 நாள் என்பது அதிகபட்சம், அவ்வளவு நாள் எடுக்கவேண்டும் என்று இல்லை. விண்ணப்பத்தின் கடைசியில் "இரண்டு வாரத்துக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்" என்று ஒரு வரி சேருங்கள். கேஎல் கம்பெனியிடம் நான் மேலே சொன்ன கேள்விகளை இன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் கேட்காதீர்கள். அவர்கள் கடிதம் தயார் செய்து பதில் தரவே நாளாகும், அந்த நேரம் உங்களுக்கு. வேலை இடத்தையும் நேரத்தையும் எழுதித் தர மறுத்தால் அங்கே போக வேண்டாம். எழுதித் தந்தால் சம்பளத்தையும் பேசுங்கள், 4,500 கேளுங்கள், இணையச் செலவுக்கு மாதம் 100 தனியாகக் கேளுங்கள். முதல் எண்ணைச் சொல்லும்போது பேரம் பேச இடம் வைத்துத்தான் எல்லாக் கம்பெனியும் சொல்லும்.